எதிர்காலத்தைப் பார்த்துச் சிரித்தவர்

"ஒரே ஒரு மணி நேரம்! அதுக்கு மேல ஒரு நிமிஷம் கேட்டா என்னைச் செருப்பால அடி!"

கோகோ விவசாயிகள் சங்கச் செயலாளர் கத்திய கத்தலில், வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்காததுபோல் முதலிலிருந்தே பார்த்துக்கொண்டிருந்தவர்களும் இப்போது தைரியமாகப் பார்த்தார்கள்.

"செருப்பு உள்ளதான் கிடக்கு. எடுத்துட்டு வரட்டுமா?" என்றாள் மகள்.

"அம்மாடி, மெதுவா பேசு. உள்ள கிடத்தியிருக்கு."

"அது இப்பதான் ஞாபகம் வருதா? எங்கப்பா உள்ள கிடக்கறாரு. நீங்க வாசல்ல எங்க சித்தப்பா தலைக்கு அளவு பாத்துக்கிட்டிருக்கீங்க."

சித்தப்பா ஓர் ஓலைத் தொப்பியைக் கையில் வைத்து அதன் விளிம்பைச் சுற்றிக்கொண்டே நின்றார். வேண்டும் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. வேண்டாம் என்று சொல்லவில்லை என்பதைத்தான் தெரு குறித்துக்கொண்டது.

விஷயம் இதுதான். கடல் தாண்டி எங்கேயோ விற்கிற ஒரு சாக்லேட்டின் உறைமேல் இந்த வீட்டு மனிதரின் முகம் இருக்கிறது. கையில் பிளந்த கோகோ காய், தலையில் ஓலைத் தொப்பி, வாய் நிறையச் சிரிப்பு. அந்தக் கம்பெனியிலிருந்து இன்றைக்கு ஆட்கள் வருகிறார்கள். உறையில் இருக்கும் விவசாயியை நேரில் பார்த்து, கைகுலுக்கி, புதிதாக ஒரு படமும் எடுத்துக்கொண்டு போக வேண்டுமாம். நாள் குறித்து மாசக்கணக்காகிறது. விவசாயியோ இன்று விடியும்போது போய்ச் சேர்ந்துவிட்டார். தம்பிக்கும் அதே மூக்கு, அதே ஏறுநெற்றி. செயலாளரின் மூளைக்குத் தொப்பி எட்டியதில் ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை.

"செத்துட்டார்னு சொன்னா சும்மா போயிடுவாங்களா? எப்படின்னு கேப்பாங்க. என்ன வியாதின்னு கேப்பாங்க. டாக்டர்கிட்ட காட்டலையான்னு கேப்பாங்க..."

"கேக்கட்டும். நான் சொல்றேன். எனக்குத்தான் இங்கிலீஷ் வருமே."

செயலாளருக்கு அது நன்றாகவே தெரியும். போன வாரம் அவரேதான் பழத்தோடு வந்து, "அன்னைக்கு நீதாம்மா கூட நின்னு அவங்க பேசறதை எனக்குச் சொல்லணும்" என்று கேட்டுவிட்டுப் போனவர். மகளுக்கு நகரத்தில் ஒரு கண்ணாடிக் கட்டடத்தில் வேலை. பார்சல் வந்து சேரவில்லை என்று கத்தும் வெளிநாட்டுக்காரர்களுக்குப் போனில் பணிவாகப் பதில் சொல்ல வேண்டும். அங்கே அவளுக்கு வேறு பேர் வைத்திருக்கிறார்கள். சாக்லேட் உறையில் அப்பாவுக்கும் வேறு பேர்தான். அப்பனுக்கும் மகளுக்கும் கடல் தாண்டிப் பேர் வைத்தாயிற்று, அம்மா மட்டும்தான் பாவம் பிறந்தபோது வைத்ததை வைத்தே காலத்தை ஓட்டுகிறாள் என்று தெருவில் பேசிக்கொள்வோம்.

அவர் விவசாயியே இல்லை என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். லாரி டிரைவர். சங்கத்தின் கோகோ மூட்டைகளைத் துறைமுகத்துக்குக் கொண்டுபோகிறவர். அப்போது மகள் கைக்குழந்தை. படம் எடுக்க வந்தவன், "கஷ்டப்பட்ட முகமாகவும் இருக்க வேண்டும், நம்பிக்கையும் தெரிய வேண்டும்" என்று கேட்டானாம். நிஜ விவசாயிகளைக் கூட்டிக்கொண்டு வந்து உலர்களத்தில் நிறுத்தினார்கள். ஒருவர் கறுப்புக் கண்ணாடியைக் கழற்ற மாட்டேன் என்றார். இன்னொருவருக்குத் தொப்பை. மூன்றாமவர், படம் எடுக்கிறார்களே என்று தலைக்குச் சாயம் அடித்துக்கொண்டு வந்திருந்தார். அந்த நேரம் பார்த்துத் துறைமுகத்திலிருந்து தூங்காமல் வண்டி ஓட்டி வந்து இறங்கினார் இவர். கஷ்டம் முகத்திலேயே இருந்தது. நம்பிக்கைக்குத் தொப்பியை வைத்துவிட்டார்கள்.

உறையின் பின்பக்கம் அவரைப் பற்றி நாலு வரி. ஊருக்கு வந்த ஓர் உறையை யாரோ படித்துச் சொன்னதில், அவருக்கு ஒரு தோட்டமும் ஆறு பிள்ளைகளும் இருப்பது தெரியவந்தது. அன்றைக்கு இந்த வீட்டில் நடந்த சண்டை தெருக்கோடி வரை கேட்டது. "தோட்டம் எங்கன்னு நான் கேக்கலை. மத்த அஞ்சு பிள்ளைங்க எங்க?" என்று அம்மா கேட்டதை இன்றும் நடித்துக் காட்டுகிறவர்கள் உண்டு. தூரப் பார்வையாய்ச் சிரிக்கிற அந்தச் சிரிப்பைப் பற்றியும் எழுதியிருந்தார்கள்: அவர் எதிர்காலத்தைப் பார்த்துச் சிரிக்கிறாராம்.

அதிலிருந்து அவருக்குப் பேரே சாக்லேட்டுக்காரர் ஆகிவிட்டது.

சும்மா சொல்லக் கூடாது, அந்தச் சிரிப்பு வேலை செய்தது. விற்கிற ஒவ்வொரு சாக்லேட்டிலிருந்தும் ஊர் நலனுக்கென்று ஒரு பங்கு வந்தது. தெருவுக்குக் குழாய் வந்தது. குழாய்க்கு மேலே ஒரு பலகை, பலகையில் அவர் சிரிப்பு. பள்ளிக்கூடத்துக்குக் கூரை வந்தது. பிறகு சங்கக் கட்டடத்தை ஒட்டி ஒரு வைத்திய அறை. உள்ளே நுழைந்ததும் சுவரில் ஆளுயரத்துக்கு அவர் படம். படத்துக்குக் கீழே பெயிண்டில் ஒரு வரி: சங்க உறுப்பினர்களுக்கும் அவர்கள் குடும்பத்தினருக்கும் மட்டும்.

உறுப்பினர் ஆக நிலம் வேண்டும். நிலம் என்று அவருக்கு இருந்ததெல்லாம் டயரில் ஒட்டிய மண்தான். காலில் புண் வந்து ஆறாமல் அவர் அங்கே போனபோது, நர்ஸ் படத்தைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், பிறகு அந்த வரியைக் காட்டினாள். அவளும் சம்பளத்துக்கு இருக்கிறவள். அவரும் சண்டை போடவில்லை. "என் படத்துக்கு உடம்பு சரியில்லைன்னா பாப்பீங்களாம்மா?" என்று கேட்டுவிட்டு வந்துவிட்டார். சர்க்கரை வியாதி. சாக்லேட்டுக்கு முகம் கொடுத்தவருக்கு! தெருவே சொல்லிச் சொல்லிச் சிரித்தது. அவரும் சிரித்தார், எப்போதும்போல உதடு பிரியாமல்.

மகள் மட்டும் சிரிக்கவில்லை.

இன்று வருகிறவர்களிடம் அந்த வரியையும், கடைசிவரை ஆறாத புண்ணையும் பற்றித்தான் அவள் சொல்லப் போகிறாள். செயலாளருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். சொன்னால் கம்பெனி முகத்தைச் சுளித்துக்கொண்டு வேறு ஊருக்குப் போய்விட்டால்? குழாயில் யார் தண்ணீர் விடுவது? துக்கத்துக்கு வந்தவர்களில் பாதிப் பேர் உள்ளே கிடப்பவரைவிடக் குழாயைத்தான் அதிகம் நினைத்துக்கொண்டிருந்தார்கள். என்னைக் கேட்டால் நானும்தான்.

"அவரைக் குளிப்பாட்டினதே அந்தக் குழாய்த் தண்ணியிலதாம்மா," என்றார் செயலாளர், குரலை இறக்கி. "யோசிச்சுப் பேசு."

அவள் உள்ளே போனாள்.

உள்ளே அம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அப்பாவின் தலைமாட்டில் வைக்க ஒரு படம் தேடிக்கொண்டிருந்தார்கள். டிரைவர் லைசன்ஸிலிருந்து பெரிதாக்கிய ஒன்று கிடைத்தது. எதையோ செய்துவிட்டு அகப்பட்டுக்கொண்ட ஆள் மாதிரி இருந்தார்.

"இது வேணாம். வைத்திய ரூம்ல இருக்கே, அதைக் கழட்டிட்டு வரச் சொல்லு," என்றாள் அம்மா.

"அதுவா? அம்மா, அது அப்பாவே இல்ல. அந்தத் தொப்பி அவரோடது இல்ல. கையில இருக்கற காய் அவரோடது இல்ல. பேரும் அவரோடது இல்ல. அந்த ரூமுக்குள்ள அவரை விடவே இல்ல!"

"சிரிப்பு அவரோடதுதானே."

மகள் அம்மாவைப் பார்த்தாள். அவளுக்கு நினைவு தெரிந்து அப்பா பல் தெரியச் சிரித்ததே கிடையாது. முன்பல் ஒன்று கோணல், அந்தக் கூச்சம். பின் அன்றைக்கு மட்டும் எதற்குச் சிரித்தார்? சின்ன வயதில் கேட்டிருக்கிறாள். படம் எடுத்தவன் குரங்குச் சேட்டை செய்தான் என்றார் சித்தப்பா. காசு கொடுப்பதாகச் சொன்னதும் சிரித்தார் என்றது தெரு. அப்பாவைக் கேட்டால், "அதெல்லாம் உனக்கெதுக்கு?" அம்மாவைக் கேட்டால், அடுப்பில் ஏதோ தீய்கிறது என்று எழுந்து போய்விடுவாள். அடுப்பில் ஒன்றும் இருக்காது.

"அப்படி எதைப் பாத்தும்மா சிரிச்சாரு?"

அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "வாசல்ல யாரோ நிக்கறாங்க பாரு."

நிஜமாகவே நின்றான். லாரி முதலாளி அனுப்பிய புது டிரைவர். துறைமுகத்தில் கப்பல் காத்திருக்கிறது, மூட்டை போயாக வேண்டும், சாவி வேண்டும். இதைச் சொல்ல வந்தவன் கதவுச் சட்டத்தைக் கையால் தடவிக்கொண்டு நின்றான். அது புதுக் கதவா பழைய கதவா என்று ஆராய்கிறவன் மாதிரி.

சாவி அப்பாவின் விரலில் இருந்தது. அது அவர் பழக்கம். வளையத்தை இடது சுண்டுவிரலில் மாட்டிக்கொண்டால் சாப்பிடும்போதும் தூங்கும்போதும் கழற்ற மாட்டார். ஒருமுறை கிளீனர் பையன் விளையாட்டாய் லாரியை எடுத்துப் பள்ளத்தில் இறக்கியதிலிருந்து அப்படி. குளிப்பாட்டியவர்களுக்கும் அதைக் கழற்றத் தோன்றவில்லை. உடம்போடு ஒன்றாய்த் தெரிந்திருக்கும்.

"வேணாங்க, அப்புறம் வர்றேன்," என்றான் புது டிரைவர்.

"கப்பல் நிக்குமா உனக்காக?" என்றாள் அம்மா. எழுந்து போய்த் தேங்காயெண்ணெய் எடுத்து வந்து, அந்த விரலில் தடவி, திருகித் திருகிக் கழற்றினாள். வளையம் வந்துவிட்டது. அது இருந்த இடத்தில் விரலைச் சுற்றி ஒரு பள்ளம் அப்படியே இருந்தது. எண்ணெய்க் கையாலேயே சாவியை நீட்டினாள். "ரிவர்ஸ் கியர் கொஞ்சம் முரண்டு பண்ணும். திட்டிக்கிட்டே போட்டா விழுந்துடும்னு சொல்வாரு."

அவன் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான். அதையும் நாங்கள் பார்த்தோம்.

லாரி கிளம்பித் தெரு திரும்புவதற்குள் எதிரே கம்பெனியின் வெள்ளை வேன் வந்துவிட்டது. சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே. வெளிநாட்டுக்காரர்களின் கெட்ட பழக்கம் அது. செயலாளர் வேட்டியை இழுத்துக் கட்டிக்கொண்டு ஓடினார். வேனைக் குழாயடியிலேயே நிறுத்திவிட்டார். நாற்காலியில் இருந்தவர்களில் பாதிப் பேர் தண்ணீர் பிடிக்க வேண்டிய அவசரம் வந்து எழுந்தோம்.

கேமராவோடு ஓர் இளைஞன் இறங்கினான். பின்னாலேயே நரைத்த தலையைக் குட்டையாக வெட்டிய ஒரு பெண்மணி. பலகையைப் பார்த்தாள். பிறகு பலகைக்குக் கீழே தொப்பியோடு நின்றிருந்த சித்தப்பாவைப் பார்த்தாள். ஆமாம், போட்டுக்கொண்டுவிட்டார். சிரிக்கவும் செய்தார். ஆனால் அவருக்குப் பல்வரிசை நேராக இருந்து தொலைத்தது.

அந்தம்மா கையை நீட்டினாள். சித்தப்பா வலது கையைக் கொடுத்தார். அவள் அதைக் குலுக்கிவிட்டு, இடது கையையும் மெதுவாகப் பிடித்துத் திருப்பி, விரல்களைப் பார்த்தாள். ஏதோ கேட்டாள். செயலாளர் எதற்கும் இருக்கட்டும் என்று, "யெஸ் யெஸ்" என்றார்.

"ஒண்ணும் யெஸ் இல்ல," என்று பின்னாலிருந்து மகளின் குரல் வந்தது. "இவர் யாருன்னு கேக்கறாங்க."

அவள் எப்போது வந்தாள் என்று தெரியவில்லை. தலை கலைந்திருந்தது. அந்தம்மாவிடம் போய் நின்று, இங்கிலீஷில், போனில் பேசுகிற அதே பணிவான குரலில் சொன்னாள். இவர் எங்கள் சித்தப்பா. நீங்கள் பார்க்க வந்தவர் எங்கள் அப்பா. அவர் வீட்டுக்குள் இருக்கிறார். விடியற்காலையில் இறந்துவிட்டார்.

சித்தப்பா தொப்பியைக் கழற்றினார். கேமராக்காரப் பையன் கேமராவைப் பைக்குள் போட்டான். செயலாளர் குழாயைப் பார்த்தார்.

அந்தம்மா செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தாள். நாங்களும் வந்தோம், ஜன்னல் வரைக்கும். அவள் அப்பாவின் முகத்தை அதிகம் பார்க்கவில்லை. இடது கையைத்தான் பார்த்தாள். எண்ணெய் மினுக்கோடு அந்தப் பள்ளம் தெரிந்தது. குனிந்து, தொடாமல், நெடுநேரம் பார்த்தாள்.

பிறகு அவள் பேசப் பேச மகளின் முகம் மாறியது. சண்டைக்கு இழுத்துக் கட்டியிருந்த முகம் கொஞ்சம் அவிழ்ந்தது.

"என்னடி சொல்றாங்க?" என்றாள் அம்மா.

"இவங்கதாம்மா அந்த உறையைத் தயார் பண்ணவங்க. படத்தைக் கம்ப்யூட்டர்ல பெருசாக்கிப் பாக்கறப்ப அப்பா விரல்ல ஒரு சாவி தொங்குச்சாம். விவசாயி கையில சாவி எதுக்குன்னு மேலதிகாரி அழிக்கச் சொல்லிட்டாராம். இவங்க அழிச்சுட்டாங்களாம். ஆனா அன்னைலேருந்து அது என்ன சாவி, எதைத் தொறக்கும்னு யோசிச்சுக்கிட்டே இருக்காங்களாம். வீடா, பொட்டியா, கிடங்கான்னு. வேலையை விட்டுப் போறதுக்குள்ள கேட்டுடணும்னு வந்திருக்காங்க."

அம்மா அந்தம்மாவை ஏற இறங்கப் பார்த்தாள்.

"லாரிச் சாவிம்மா. வேற என்னத்தைத் தொறக்கும்?"

மகள் சொன்னாள். லாரி என்ற சொல்லுக்கு மொழிபெயர்ப்பே தேவைப்படவில்லை. அந்தம்மா தலையை ஆட்டினாள். வந்த வழியில் எதிரே திரும்பிய லாரி நினைவுக்கு வந்ததோ என்னவோ, வாசல் பக்கம் பார்த்தாள். பிறகு இன்னொன்று கேட்டாள். கேட்டதும் மகள் அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள்.

"என்னவாம்?"

"அவர் எதைப் பாத்து சிரிச்சார்னு கேக்கறாங்க."

ஜன்னலில் நாங்கள் இன்னும் நெருக்கிக்கொண்டோம். எத்தனை வருஷக் கேள்வி! இந்தத் தெருவில் இதைக் கேட்டு மூக்குடைபடாதவர்கள் கிடையாது. அம்மா சமையலறைப் பக்கம் பார்த்தாள். இன்று அடுப்பே பற்றவைக்கவில்லை. எழுந்து போக இடம் இல்லை.

"என்னைப் பாத்துதான்," என்றாள்.

"என்னம்மா?"

"அப்ப நான் உலர்களத்துல வேலை. கோகோ கொட்டையைக் கூழோட புளிக்க வைப்பாங்கல்ல, மரப்பொட்டி, அதைக் கிளறிவிடணும். இவரைப் படம் எடுக்கறாங்களேன்னு எட்டிப் பாத்தேன். கூழ் வழுக்குச்சு. பொட்டிக்குள்ளயே உக்காந்துட்டேன், இடுப்பு வரைக்கும். எந்திரிக்கவும் முடியல. இந்த மனுஷன் தூக்கிவிட வர்றதை விட்டுட்டு நின்ன இடத்துலயே சிரிக்கறாரு! ஒரு வாரம் பேசலை நான். புளிச்ச நாத்தம் போகவும் ஒரு வாரம் ஆச்சு. அப்புறம் பாத்தா, எதிர்காலத்தைப் பாக்கறாருன்னு எழுதி வெச்சிருக்கான். எதிர்காலமாம்! நான்தான் சேத்துல எருமை மாதிரி உக்காந்திருந்தேன்."

மகள் மொழிபெயர்க்க ஆரம்பித்தாள். பெட்டிக்குள் உட்கார்ந்த இடம் வந்ததும் குரல் தடுமாறியது. அழுகிறாள் என்றுதான் நினைத்தோம். சிரிக்கிறாள். அந்தம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். ஆனால் தோள் குலுங்கியது. அம்மாவும் கடைசியில் சிரித்துவிட்டாள். துக்க வீட்டில் இப்படியா என்று எங்களுக்கும் ஒரு மாதிரி ஆகிவிட்டது. ஜன்னலில் பின்னால் நின்றவர்களுக்கு விஷயத்தைக் கடத்தியதில் அவர்களும் சிரித்தார்கள்.

சிரிப்பு அடங்கியதும் மகள் நிறுத்தவில்லை. அதே குரலில் தொடர்ந்தாள். அம்மாதான் ஒன்றும் சொல்லவில்லையே, அவள் எதை மொழிபெயர்க்கிறாள்? வைத்திய அறை இருக்கும் திசையில் கை நீட்டினாள். அப்பாவின் காலைக் காட்டினாள். காற்றில் ஒரு வரியை எழுதிக் காட்டினாள். அந்தம்மா இப்போது சிரிக்கவில்லை.

"என்னம்மா சொன்னே?" என்றார் செயலாளர், வாசற்படியிலிருந்து.

"உள்ளதைச் சொன்னேன்."

"குழாய்?"

"அதையும்தான் சொன்னேன். தண்ணி நல்லா வருதுன்னு."

செயலாளர் வெளியே போனார். கோபித்துக்கொண்டு போகிறார் என்றுதான் நினைத்தோம். திரும்பி வந்தபோது அந்த ஆளுயரப் படத்தை அவரும் சித்தப்பாவும் ஆளுக்கொரு பக்கம் பிடித்திருந்தார்கள். வாசலில் அது நுழையவில்லை. சாய்த்து, திருப்பி, சண்டை போட்டு, ஒருவழியாய் உள்ளே கொண்டுவந்து தலைமாட்டில் நிறுத்தினார்கள். அம்மா பார்த்தாள். எழுந்து, தான் உட்கார்ந்திருந்த இடத்தை விட்டு, படம் பார்க்கிற எதிர்ச்சுவர்ப் பக்கமாய்க் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்துகொண்டாள். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. சாயங்காலம் சவ வண்டி வரும்வரை அந்த இடத்தை விட்டு அசையவில்லை.

பிறகு நடந்ததையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் வேறு யாராவது தப்பாகச் சொல்வார்கள். கம்பெனி போய்விடவில்லை. உறையை மட்டும் மாற்றிவிட்டது. இப்போது ஒரு மரம் வரைந்திருக்கிறார்கள். மரம் சாகாது, மரத்துக்கு வாய் பேச ஒரு மகளும் கிடையாது. வைத்திய அறையின் அந்த வரிமேல் வெள்ளை அடித்துவிட்டார்கள். வெயில் சாய்வாக விழும்போது எழுத்து இன்னும் தெரிகிறது. உறுப்பினர்கள் எல்லோரும் வைத்தியம் பார்த்து முடிந்த பிறகு, டிரைவர்களும் மூட்டை தூக்குகிறவர்களும் போய்க் காட்டிக்கொள்ளலாம். காத்திருக்க வேண்டும், ஆனால் பார்க்கிறார்கள். செயலாளர் அடுத்த தேர்தலில் தோற்று, மகன் வீட்டோடு போய்விட்டார். சித்தப்பா அந்தத் தொப்பியை வைத்துக்கொண்டார். வெயிலுக்கு நன்றாக இருக்கிறதாம்.

சாவி வாங்க வந்தவன் அதற்குப் பிறகு ரிவர்ஸ் கியர் விழவில்லை என்று சொல்லிக்கொண்டு அந்த வீட்டுக்கு எத்தனையோ முறை வந்தான். எங்களுக்கு அப்போதே தெரியும். மகள் அவனைக் கட்டிக்கொண்டு துறைமுகப் பக்கம் குடிபோனாள். அம்மாவையும் கூப்பிட்டாள். அம்மா வரமாட்டேன் என்றுவிட்டாள்.

போன வாரம் சர்க்கரை கடன் கேட்கிற சாக்கில் உள்ளே போய்ப் பார்த்தேன். ஆளுயரப் படம் அம்மா உட்காரும் ஸ்டூலுக்கு நேர் எதிர்ச்சுவரில் மாட்டியிருக்கிறது. வெயில் வருகிறது என்று அம்மா ஸ்டூலை ஜன்னலோரத்திலிருந்து உள்பக்கமாய்த் தள்ளிப் போட்டிருந்தாள். படமும் தள்ளிப் போயிருந்தது. பழைய ஆணி இருந்த ஓட்டை சுவரில் அப்படியே இருந்தது. அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. அதற்கும் பக்கத்தில் இன்னொன்று.